ஏழாம் மாதத்தில் வந்த மணல்வாரி, ஒன்பதாம் வயதில் மூளைக்குள்: அண்ணன் மகளுக்கு நேர்ந்தது

ஊத்துக்குளி அத்தை | ஞாயிறு, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் வழக்கமாக எருமைப் பாலைப் பற்றியும் வெண்ணெய் உருக்கும் பக்குவத்தைப் பற்றியும்தான் எழுதுவேன். இன்று எழுத வந்தது வேறு விஷயம். நான்கு நாட்களாகத் தூக்கம் இல்லை.

என் அண்ணன் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆடி மாதம்வரை அவள் கையெழுத்தைப் பார்த்து உறவில் எல்லோரும் மெச்சுவார்கள். ஆவணி பிறந்ததும் எழுத்து கோட்டை விட்டு இறங்க ஆரம்பித்தது. இரட்டைக்கோடு நோட்டில் எழுதினால், 'ழ' எழுத்தின் வால் கீழ்வரியில் போய் முட்டும். ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. வீட்டுக்குள் நடக்கும்போதே கதவில் இடித்துக்கொண்டாள். கவனம் இல்லை என்று அண்ணி ஒருநாள் அடித்துவிட்டாள். அந்த அடியை நினைத்து அண்ணி இன்றும் அழுகிறாள்.

ஐப்பசியில் உதறல் தொடங்கியது. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோவாள், வாய்க்கு அருகில் போனதும் கை வெடுக்கென்று உதறி உருண்டை கீழே விழும். தலையும் அதே நொடியில் முன்னால் சாயும். நான் எதிரே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எட்டு விநாடி, ஒன்பது விநாடி, மறுபடி எட்டு. யாரோ உள்ளே இருந்து கயிற்றை இழுப்பதுபோல அத்தனை ஒழுங்கு. தூங்கினால் நின்றுவிடும்.

முதலில் பார்த்தவர் செல்போன் பழக்கம் என்றார். அடுத்து ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று சொல்லி இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான், "கைக்குழந்தையாக இருந்தபோது மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்ததா?" என்று கேட்டார். அண்ணிக்கு முகமே மாறிவிட்டது. வந்தது. ஏழாம் மாதம். அப்போது அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வரிசையில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் வந்தது. வேப்பிலை அரைத்துத் தடவி, மூன்று தண்ணீர் ஊற்றி, மாரியம்மன் கோவிலுக்குப் போய்வந்தோம். அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் தட்டம்மைக்கு எதிரான பொருள் மிக அதிகமாக இருந்ததாம். எஸ்.எஸ்.பி.இ. என்று பெயர் சொன்னார், தட்டம்மை வைரஸ் மூளைக்குள் தங்கி வருடங்கள் கழித்து வரும் நோயாம். குணப்படுத்த மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு மூன்று கேள்விகள் உண்டு. இது மற்றவர்களுக்கு ஒட்டுமா? அவள் தம்பிக்கு ஐந்து வயது, அவளோடுதான் படுப்பான். அன்றைக்கே தடுத்திருக்க முடியுமா? பண்ணாரி மாரியம்மன் கோவிலில் குண்டம் இறங்குவதாக (தீ மிதிப்பதாக) நேர்ந்துகொண்டு போகாமல் விட்ட குற்றம்தான் இது என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

---

குழந்தை நரம்பியல் பயில்பவன், கோவை | திங்கள், காலை 5.50

அக்கா, இரவுப் பணி முடித்து வந்து படித்தேன். நீங்கள் எண்ணிய அந்த எட்டு விநாடி, மருத்துவர்களுக்கே துப்புக் கொடுக்கும் விஷயம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது ஒவ்வொரு உதறலுக்கும் சேர்ந்து ஓர் உயரமான அலை எழும், சில விநாடிகள் அடங்கும், மறுபடி எழும். எங்கள் ஆசிரியர் திரையைக் காட்டி, "இதை ஒருமுறை பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது" என்பார். மறக்கவில்லை.

முதல் கேள்விக்குப் பதில்: ஒட்டாது. தட்டம்மை காற்றில் பரவும் நோய்தான். ஆனால் இந்த நிலையில் வைரஸ் மூளை நரம்பணுக்களுக்குள் சிக்கி, அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு மட்டுமே நகர்கிறது. முழு வைரஸாக வெளியே வரும் திறனை அது இழந்துவிட்டது. தம்பி தாராளமாக அக்கா பக்கத்தில் படுக்கலாம், ஊட்டிவிடலாம், கட்டிக்கொள்ளலாம். அவனை அவளிடமிருந்து பிரிக்காதீர்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 1933-இல் டாசன் என்ற மருத்துவர், இப்படி இறந்த ஒரு பையனின் மூளை அணுக்களில் வைரஸின் தடயத்தைக் கண்டு எழுதினார். அது எந்த வைரஸ் என்பது அறுபதுகளில்தான் தெளிவானது. 1969-இல் நோயாளிகளின் மூளையிலிருந்து தட்டம்மை வைரஸையே பிரித்தெடுத்தார்கள். சின்ன வயதில் வந்துபோன தட்டம்மை, சிலருக்கு முழுதாகப் போவதில்லை. உருமாறி மூளையில் தங்கி, பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுகள் சத்தமின்றி இருக்கிறது. பிறகு படிப்பு குறைவது, குணம் மாறுவது, உதறல், நடை தடுமாற்றம், பார்வைக் கோளாறு, கடைசியில் படுக்கை. பெரும்பாலான குழந்தைகள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு நோய் தானாகத் தணிவதும் உண்டு. மறைத்துப் பேசி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

ஐசோபிரினோசின் மாத்திரையும் இன்டர்ஃபெரான் ஊசியும் சிலருக்கு நோயின் ஓட்டத்தை மெதுவாக்குகின்றன. உதறலைக் குறைக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன. அது குறைந்தால் சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் எளிதாகும். அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு இங்கே ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் பதில் சொல்வதுதான் முறை.

---

சோமனூர் தறிக்காரர் | திங்கள், காலை 7.30

படித்ததும் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மணிக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை வரவில்லை.

எங்கள் காலத்தில் மணல்வாரி வராத பிள்ளையே கிடையாது. எனக்கும் வந்தது, என் தம்பி தங்கைக்கும் வந்தது. அப்படியானால் எங்கள் எல்லோர் தலைக்குள்ளும் இது உட்கார்ந்திருக்கிறதா? எனக்கு வயது 61.

---

குழந்தை நரம்பியல் பயில்பவன், கோவை | திங்கள், காலை 8.05

ஐயா, நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. இது அரிய நோய். வந்தால் பெரும்பாலும் சிறுவயதிலோ வளரிளம் பருவத்திலோ வந்துவிடும்.

ஆனால் "அரிய நோய்" என்று சொல்லிக் கடந்துபோகவும் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998 முதல் 2015 வரை இந்த நோய் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் ஏறத்தாழ 1,367 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்குள் வந்தவர்களில் ஏறத்தாழ 609 பேருக்கு ஒருவர் என்று தெரியவந்தது. வயது குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது. ஏழு மாதம் என்று அக்கா எழுதியதைப் படித்தபோதே என் மனம் கனத்தது.

---

கோபி ஓய்வுச் செவிலியர் | திங்கள், பகல் 11.20

அம்மணி, உன் எழுத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உன் அண்ணிக்கு ஒரு பதில்.

பண்ணாரியம்மன் இதைச் செய்யவில்லை, கண்ணு. சத்தியமங்கலம் பக்கம் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். பண்ணாரி குண்டம் இறங்குகிறவர்களுக்குக் காலில் மருந்து போட்டு அனுப்பியிருக்கிறேன், அந்த அம்மனைக் கும்பிடாமல் ஒருநாளும் மலை ஏறியதில்லை. ஏழு மாதக் குழந்தைக்கு நோயைக் கொடுத்து, எட்டு வருடம் காத்திருந்து தண்டிக்கிற தெய்வத்தை நான் அங்கே பார்த்ததில்லை. இதை நான் சொன்னதாக அவளிடம் சொல். அவள் அடித்த அந்த அடிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி, தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி. உன் அண்ணியால் முடிந்திருக்காது. தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணையே ஒன்பது மாதம் முடிந்துதான். அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. ஆனால் நோயைத் தடுக்கிற அளவுக்கும் அது எல்லாக் குழந்தைக்கும் ஏழாம் மாதத்தில் இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் உன் அண்ணன் மகள் மாட்டிக்கொண்டாள். ஊசி போட வயது வராத குழந்தைக்குச் சுற்றி இருக்கிறவர்கள்தான் வேலி. லைன் வீட்டில் மற்றக் குழந்தைகள் ஊசி போட்டிருந்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தட்டம்மையைப் போலப் பரவுகிற நோய் வேறு அதிகம் இல்லை. தடிப்பு வெளியே தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். நோயாளி இருமிவிட்டுப் போன அறைக்காற்றில் இரண்டு மணி நேரம்வரை வைரஸ் இருக்கும். பத்துக்குப் பத்து அறை, ஒரே சுவர், பொதுக் குழாயடி. அங்கே ஒரு கைக்குழந்தை எப்படித் தப்பும்?

வேப்பிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வாசலில் வேப்பிலை சொருகியிருந்தால் ஊரில் யாரும் அந்த வீட்டுக்குள் நுழையமாட்டார்கள். அது நல்ல வழக்கம், நோயை அந்த வீட்டோடு நிறுத்துகிற வழக்கம். நான் எதிர்த்ததே இல்லை. நான் எதிர்த்தது மறைப்பதைத்தான். "ஆத்தா வந்திருக்கிறாள், நர்ஸ் கண்ணில் படக்கூடாது" என்று குழந்தையை அட்டாரிக்குப் பின்னால் படுக்க வைத்திருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். நான் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்து, ஊர்ப் பேச்சுப் பேசி, அப்புறம்தான் மெதுவாகக் கேட்பேன். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் ஒரு லட்சம் யூனிட், அதற்கு மேல் இரண்டு லட்சம், ஆறு மாதத்துக்குள் என்றால் ஐம்பதாயிரம். அது கண்ணைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும். மறைத்துவிட்டால் அதை எப்படிக் கொடுப்பது? பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு எப்படி ஊசி போடுவது?

---

காங்கேயம் ஆசிரியை | திங்கள், மாலை 5.10

நான் இருபது வருடமாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கையெழுத்து இறங்கினால் நாங்கள் முதலில் சொல்வது "கவனக்குறைவு" என்பதுதான். நானே எத்தனை பேருடைய நோட்டில் சிவப்பு மையில் அப்படி எழுதியிருக்கிறேன் என்று இன்று யோசித்தேன்.

மருத்துவரிடம் ஒன்று கேட்கிறேன். எழுத்து கெடுகிற பிள்ளைகள் வருடத்துக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதில் எதைப் பார்த்தால் நாங்கள் பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும்?

---

குழந்தை நரம்பியல் பயில்பவன், கோவை | திங்கள், இரவு 9.45

நல்ல கேள்வி, அம்மா. நன்றாக இருந்த பிள்ளை பின்னோக்கிப் போவதுதான் அடையாளம். ஆரம்பத்திலிருந்தே படிப்பில் மெதுவாக இருப்பது வேறு. போன பருவத்தில் சரளமாக வாசித்த பிள்ளை இந்தப் பருவத்தில் எழுத்துக் கூட்டினால், கற்றதை இழந்தால், அது சோம்பலாக இருக்க வாய்ப்பில்லை. அதோடு சேர்ந்து பொருள்கள் கைதவறி விழுவது, தலை திடீர் திடீரென்று முன்னால் விழுவது, காரணமில்லாமல் தடுக்கி விழுவது, கரும்பலகை தெரியவில்லை என்பது இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காதீர்கள். இந்த நோயாகவே இருக்கும் என்று சொல்லவில்லை. வேறு பல காரணங்கள் இருக்கலாம், அவற்றில் குணமாகக் கூடியவையும் உண்டு. ஆண்பிள்ளைகளிடம் இந்த நோய் அதிகம். ஆண்பிள்ளை என்றாலே "சேட்டை" என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

உதறலைச் செல்போனில் ஒரு நிமிடம் படமெடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மருத்துவர் முன் உட்காரும் ஐந்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

---

இரண்டு பிள்ளை அப்பா, பொள்ளாச்சி | செவ்வாய், காலை 6.30

யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. அந்தக் குழந்தையை நினைத்து நானும் வருந்துகிறேன். ஆனால் ஒரு சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஊசியில் இருப்பதும் உயிருள்ள தட்டம்மை வைரஸ்தானே? வலுக்குறைத்தது என்கிறீர்கள். இயற்கையாக வந்த வைரஸ் எட்டு வருடம் மூளையில் ஒளிந்திருக்கும் என்றால், ஊசியில் போகிற வைரஸ் ஒளிந்திருக்காது என்பதற்கு என்ன உறுதி? 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் ஊசி போட்டபோது வாட்ஸப்பில் எத்தனை எச்சரிக்கைகள் வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று என் மூத்தவனுக்கு மூன்று வயது. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை அவனுக்குக் காய்ச்சல் என்று மாதத்தில் ஒருநாள் படுத்ததில்லை. தோட்டத்துக் காய், நாட்டுமாட்டுப் பால், செக்கெண்ணெய். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதாதா?

---

திருப்பூர் பனியன் கணக்கர் | செவ்வாய், காலை 8.00

அண்ணா, அந்தக் கைக்குழந்தைக்கும் தாய்ப்பால்தான் உணவாக இருந்திருக்கும். அதைவிடச் சுத்தமான உணவு எது?

---

குழந்தை நரம்பியல் பயில்பவன், கோவை | செவ்வாய், பகல் 1.15

பொள்ளாச்சி அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. அறிவியலாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், கேட்டுச் சோதித்தும் பார்த்தார்கள்.

ஊசி வைரஸுக்கும் ஊரில் உலவும் வைரஸுக்கும் மரபணுவில் அடையாளம் வேறு. கன்றுக்குச் சூடு போட்ட குறிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.பி.இ. நோயாளிகளின் மூளைத் திசுவில் கிடைத்த வைரஸை அப்படிச் சோதித்தபோதெல்லாம் ஊரில் உலவும் வைரஸ்தான் இருந்தது. ஊசி வைரஸ் இருந்ததே இல்லை. ஊசி போட்ட சிலருக்கும் இந்த நோய் வந்ததாகச் சொல்வார்கள். அவர்களிடமும் கிடைத்தது ஊர் வைரஸ்தான், ஊசிக்கு முன்பே அவர்களுக்குத் தெரியாமல் தட்டம்மை வந்துபோயிருக்க வேண்டும்.

இன்னொரு சான்றும் உண்டு. ஊசியால் இந்த நோய் வருவதாக இருந்தால், கோடிக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்ட நாடுகளில் நோய் பெருகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தட்டம்மை குறைந்த இடங்களில் எல்லாம், சில ஆண்டுகள் கழித்து இந்த நோயும் கிட்டத்தட்ட மறைந்துபோனது.

உங்கள் மகனுக்கு இதுவரை தட்டம்மை வராமல் இருந்தது மகிழ்ச்சி. ஆனால் அது செக்கெண்ணெயால் அல்ல. அவன் வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஊசி போட்டிருக்கிறார்கள், அதனால் நோய் அவன் வரை வரவில்லை. அந்த வேலி நிற்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது போட்டிருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டச் சுகாதாரத் துறை ஒரு பள்ளிக் குழந்தையின் மரணத்தை அறிவித்தது. கைக்குழந்தையாக, ஊசி போடும் வயதுக்கு முன்பே தட்டம்மை வந்து குணமான குழந்தை. இதே நோயில் இறந்தது. வசதிகள் மிகுந்த ஊர் அது. ஊத்துக்குளியில் நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்றேதான்.

---

இரண்டு பிள்ளை அப்பா, பொள்ளாச்சி | செவ்வாய், இரவு 10.40

படித்தேன். மரபணு அடையாளத்தைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. யோசிக்க வேண்டும்.

---

திருப்பூர் பனியன் கணக்கர் | புதன், காலை 7.10

நான் இதை எழுதியே ஆக வேண்டும். அத்தை எழுதிய லைன் வீடு எனக்குக் கண்முன்னால் தெரிகிறது. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் அப்படி 24 அறைகள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். குழந்தைக்கு ஊரில் முதல் தவணை போட்டிருப்பார்கள், ஊசி அட்டை அங்கேயே மாமியார் பெட்டியில் இருக்கும். இங்கே வந்து இரண்டாவது தவணைக்கு எங்கே போவது என்று தெரியாது, பாஷையும் தெரியாது. ஆர்டர் நெருக்கடியில் அரைநாள் லீவு கேட்டால் சம்பளம் போகும். நம் ஊர்க்காரர்களும் அதே வரிசையில்தான் குடியிருக்கிறார்கள்.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மேஸ்திரியோடு வரிசை முழுக்க நடந்தேன். ஐந்து வயதுக்குள் 17 குழந்தைகள். அட்டை கையில் இருந்தது 6 பேரிடம். இரண்டு தவணையும் போட்டதாக அட்டையில் இருந்தது 4 பேருக்கு. நான்கு மாதக் குழந்தை ஒன்று, தையல் மிஷின் சத்தத்தில் வாசல் படியில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு இன்னும் ஐந்து மாதம் தட்டம்மை ஊசி கிடையாது.

செவிலியர் அம்மா, அட்டை இல்லாதவர்களுக்குப் போடுவார்களா? ஆதார் கேட்பார்களா?

---

கோபி ஓய்வுச் செவிலியர் | புதன், காலை 9.00

தம்பி, நீ நடந்ததுதான் வேலை. நாங்கள் எல்லாம் இப்படித்தான் வீடு வீடாக எண்ணினோம்.

அட்டை இல்லை என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு போட வேண்டியதுதான். முன்பே போட்டிருந்தாலும் கூடுதலாக ஒரு தவணை போனால் கெடுதல் ஒன்றும் இல்லை. இன்ன மாநிலம் என்று பார்த்துத் திருப்பி அனுப்பும் வழக்கமும் கிடையாது, ஊசி எல்லோருக்கும் இலவசம். நம் மாநிலத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள், அது உனக்குத் தெரியும். ஆனால் 17 குழந்தைகளைத் தாய்மார் ஒரு புதன்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருக்காதே. அந்தப் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நீ எடுத்த கணக்கைத் தாளில் எழுதிக் கொடு. பெயர், வயது, அறை எண். கையில் பட்டியல் இருந்தால் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதலாளியிடம் பேசி அந்தப் பெண்களுக்குச் சம்பளத்தோடு ஒரு மணி நேரம் வாங்கிக் கொடு. ஹிந்தி தெரிந்த ஆள் ஒருவரை உடன் வை.

ஊசிக்காரப் பெண்ணிடம் மரியாதையாக ஒன்றைக் கவனித்துக்கொள்: மருந்தைக் கலக்கிய நேரம் குப்பியின் மேல் எழுதியிருக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். ஒரே ஒரு குழந்தைதான் வந்திருக்கிறது, குப்பியை உடைத்தால் வீணாகும் என்று யாராவது தயங்கினால், ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம் என்பதுதான் விதி. நான் ஒரே குழந்தைக்காகக் கடம்பூர் மலையில் குப்பி திறந்திருக்கிறேன். மருந்து வீணாயிற்று என்று மேலே கணக்குக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அந்த வரிசையில் இப்போது யாருக்காவது தடிப்போடு காய்ச்சல் வந்தால் மட்டும் வேறு கணக்கு. அன்றே சொல்லிவிடு. ஆறு மாதம் ஆன குழந்தைக்கே அப்போது ஒரு தவணை கூடுதலாகப் போடச் சொல்வதுண்டு. நோயாளியோடு பழகி மூன்று நாளுக்குள் போட்டால் நோயையே தடுக்கலாம். பிறகு வழக்கமான இரண்டு தவணையும் போட வேண்டும்.

---

சோமனூர் தறிக்காரர் | புதன், மாலை 6.20

என் அப்பாரு சொல்வார், கோவையில் பிளேக் வந்தபோது ஊரைக் காலி செய்துகொண்டு தோட்டத்துச் சாளைக்குப் போய் மாதக்கணக்கில் இருந்தார்கள் என்று. பிளேக் மாரியம்மன் கோவில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன. அம்மனை அழைத்தார்கள், ஊரையும் காலி செய்தார்கள். இரண்டையும் செய்யத்தான் நம் முன்னோர் நமக்குக் காட்டினார்கள். அண்ணியிடம் இதையும் சொல் அம்மணி.

என் பேரனுக்கு 15 மாதம். இரண்டாவது தவணை எப்போது என்று மருமகளிடம் கேட்டேன். அட்டையை எடுத்து வந்து காட்டினாள், அடுத்த மாதம். சுவரில் மாட்டிய காலண்டரில் நானே வட்டம் போட்டேன்.

---

ஊத்துக்குளி அத்தை | வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இன்று அவளுக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தது.

செவிலியர் அம்மா எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பண்ணாரியம்மன் பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

மருந்து தொடங்கியதில் உதறல் குறைந்திருக்கிறது. இப்போது கடிகாரத்தைப் பார்த்தால் இருபது விநாடிக்கு ஒருமுறை. தம்பி அவள் பக்கத்திலேயே படுக்கிறான், தைரியமாக விட்டுவிட்டோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனே ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறான். அவனுக்கு ஏழ்நான்கு வரைதான் தெரியும், அவளிடம் கேட்டுக் கற்றது. அங்கே வந்து நிற்பான்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறோம். அதற்கு என்ன வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

காங்கேயம் ஆசிரியை | வியாழன், இரவு 10.05

அத்தை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் கிடைத்தது. விண்ணப்பம் நிரப்ப நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காங்கேயத்திலிருந்து ஊத்துக்குளி என்ன தூரம்.

---

கோபி ஓய்வுச் செவிலியர் | வெள்ளி, காலை 6.00

குழாயில் ஊட்டும்போது குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்தே ஊட்டு, ஊட்டி முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வை. இடுப்பு எலும்பு, குதிகால், பின்னந்தலை மூன்றையும் தினமும் பார், சிவந்திருந்தால் அன்றே கவனி. வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இரு. பேச்சு நின்றாலும் பேசிக்கொண்டே இருங்கள், காது கேட்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். அந்தப் பையன் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்தாதீர்கள்.

---

திருப்பூர் பனியன் கணக்கர் | அடுத்த புதன், பிற்பகல் 3.40

பட்டியலைக் கொடுத்தேன். இன்று காலை பத்து மணிக்குப் பெட்டியோடு இரண்டு செவிலியர்கள் வந்தார்கள். அட்டையில் இரண்டு தவணையும் இருந்த நால்வரை விட்டு, ஒன்பது மாதம் நிறையாத மூவரை விட்டு, மீதி பத்துப் பேருக்குப் போட வேண்டும். எட்டுப் பேருக்குப் போட்டாயிற்று. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் அதிகம், அடுத்த வாரம். ஒரு குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது, வந்ததும் சொல்ல மேஸ்திரியிடம் எண் கொடுத்திருக்கிறேன். முதலாளி ஒரு மணி நேரத்தை வெட்டவில்லை. படிக்கட்டுத் தொட்டில் குழந்தைக்கு எப்போது ஒன்பது மாதம் முடிகிறது என்று என் கணக்கு நோட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

---

இரண்டு பிள்ளை அப்பா, பொள்ளாச்சி | அடுத்த புதன், இரவு 8.15

இளையவளின் அட்டையைத் தேடி எடுத்தேன். முதல் தவணை என் மனைவி எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. இன்று போட்டுவிட்டு வந்தோம். மூத்தவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவனுக்குப் போட முடியுமா, காலம் கடந்துவிட்டதா என்று மருத்துவர் தம்பி சொல்ல வேண்டும்.

---

குழந்தை நரம்பியல் பயில்பவன், கோவை | அடுத்த புதன், இரவு 11.30

கடக்கவில்லை அண்ணா. இரண்டு தவணை, நடுவில் குறைந்தது நான்கு வாரம். வரும் சனிக்கிழமையே அழைத்துப் போங்கள்.